பழைய பிசினஸ் லேப்டாப் வாங்கும் முன்: எதை முதலில் சோதிப்பது, ஏன்

நிறுவனங்கள் லீஸ் முடிந்ததும் கழித்துவிடும் 12.5 முதல் 14 அங்குல லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி ஊர் ஊராக ரீஃபர்பிஷ்டு கடைகளில் கிடைக்கின்றன. லெனோவோ திங்க்பேட் எக்ஸ், டி வரிசைகள், டெல் லாட்டிட்யூட் 7000 வரிசை, எச்பி எலைட்புக் 800 வரிசை ஆகியவைதான் அதிகம் கண்ணில் படும்.

புதிதாக வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஐ5-ஆ, ஐ7-ஆ? எஸ்எஸ்டி எத்தனை ஜிபி?" என்பது. எஸ்எஸ்டியைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். மதர்போர்டில் சாலிடர் செய்த ரேமையும், பழைய நிறுவனம் போட்டுவிட்டுப் போன பூட்டையும் மாற்ற முடியாது. அதனால் இங்கே வரிசை இப்படி: வாங்கவே கூடாத காரணங்கள் முதலில், மாற்ற முடியாத பாகங்கள் அடுத்து, மாற்றக்கூடியவை கடைசியில். ஒரு கட்டத்தில் தேறாத மெஷினை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

## 1. கையில் எடுத்துப் போக வேண்டியவை

முழுச் சோதனைக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கூட்டம் இல்லாத வேலைநாள் முற்பகலில் போனால் கடைக்காரரும் பொறுமையாக இடம் கொடுப்பார்.

இரண்டு பென் டிரைவ் வேண்டும். ஒன்றில் நிறுவாமலே ஓடும் உபுண்டு. இன்னொன்றில் விண்டோஸ் 11 நிறுவி. அதிலேயே ஒரு ஃபோல்டரில் எச்டபிள்யூஇன்ஃபோ (வெப்பம், வேகம் காட்டுவது), கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (எஸ்எஸ்டியின் நிலை காட்டுவது), சினிபெஞ்ச் (பிராசசருக்கு முழுச் சுமை தருவது) ஆகியவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நெட் மெதுவாக இருந்தால் இவற்றை இறக்குவதிலேயே நேரம் போய்விடும்.

உங்கள் சொந்த 65 வாட் டைப்-சி சார்ஜர், இரு முனையும் டைப்-சி உள்ள கேபிள், டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐ தரும் அடாப்டர், மைக் உள்ள வயர் இயர்போன், சின்ன டார்ச், நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர், தாளும் பேனாவும். சார்ஜரை நீங்களே கொண்டுபோவதற்குக் காரணம் இருக்கிறது: கடைச் சார்ஜருடன் மட்டும் வேலை செய்யும் போர்ட்டை அதே சார்ஜரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

## 2. ஆன் செய்யும் முன் வெளிப்புறம்

மெஷினை மூடிச் சமதளமான கண்ணாடி மேசையில் வையுங்கள். நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஆடினால், அல்லது டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பியிருந்தால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். உப்பிய பேட்டரியை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எதுவும் சோதிக்க வேண்டாம். அது தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது. பேட்டரியை மாற்றித் தந்தால் மட்டும் திரும்பி வாருங்கள்.

அடுத்து கீல். மூடியை மெதுவாக முழுக் கோணத்துக்கும் திறந்து மூடுங்கள். கீலுக்கு அருகே திரையின் விளிம்புச் சட்டம் பிளந்து கொடுத்தால் உள்ளே கீல் பிடித்திருக்கும் இடம் உடைந்திருக்கிறது. கீறல், மங்கிய லோகோ, வழவழவென்று தேய்ந்த கீகள் இவையெல்லாம் விலை பேச உதவும் விஷயங்கள். உடைந்த கீல் அப்படியல்ல. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது மோசமாகும்.

அடியில் உள்ள சீரியல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டெல்லில் இது ஏழு எழுத்துள்ள சர்வீஸ் டேக். தயாரிப்பாளரின் சப்போர்ட் தளத்தில் இதைப் போட்டால், தொழிற்சாலையிலிருந்து எந்த பிராசசர், எவ்வளவு ரேம், எந்தத் திரையுடன் வெளியே வந்தது என்று காட்டும். இப்போது முன்னால் இருப்பதற்கும் அந்தப் பட்டியலுக்கும் வேறுபாடு இருந்தால் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று கேட்க வழி கிடைக்கும்.

கடைசியாக, சார்ஜரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பேட்டரி விழுக்காட்டையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைத் தனியாகச் சோதிக்க நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. மற்ற சோதனைகள் நடக்கும்போதே அதுவும் நடந்துவிடும்.

## 3. பூட்டுகள்

பெரும்பாலானோர் தவறவிடும் கட்டம் இதுதான். பணம் முழுதாக வீணாவதும் இங்கேதான்.

ஆன் செய்ததும் கீ அழுத்தி பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புகளுக்குள், போங்கள். லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால், "அதை நாங்க எடுத்துத் தர்றோம் சார்" என்ற வாக்குறுதியை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். திங்க்பேட்டில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் அதிகாரபூர்வ நிலை.

பாஸ்வேர்டு கேட்காமல் திறந்துவிட்டது என்பதும் போதாது. சில மெஷின்கள் படிக்க மட்டும் அனுமதித்து, மாற்ற விடாது. பூட் வரிசையை (எதிலிருந்து முதலில் தொடங்குவது என்பதை) மாற்றிச் சேமித்து, திரும்ப உள்ளே போய் மாற்றம் நின்றிருக்கிறதா பாருங்கள். அமைப்புகள் மங்கலாகத் தெரிந்தாலோ, மாற்றம் நிற்காவிட்டாலோ பூட்டு இருக்கிறது.

அங்கேயே செக்யூரிட்டி பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சொல்யூட் என்ற பெயரைத் தேடுங்கள். திருட்டுப் போனால் கண்டுபிடிக்க நிறுவனங்கள் போடும் வசதி இது. பயாஸிலேயே உட்கார்ந்திருப்பதால், டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் திரும்ப வந்துவிடும். 'ஆக்டிவேட்டட்' என்று இருந்தால் வாங்க வேண்டாம். பழைய நிறுவனம் மட்டுமே அதை விடுவிக்க முடியும். ஆக்டிவேட் ஆகவில்லை என்றோ, நிரந்தரமாக முடக்கப்பட்டது என்றோ காட்டினால் கவலையில்லை.

பயாஸின் முதல் பக்கத்தில் காட்டும் சீரியல் எண்ணும் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாகவோ காலியாகவோ இருந்தால் மதர்போர்டு மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது பாஸ்வேர்டை உடைக்க பயாஸ் சிப்பை யாரோ மறுபதிவு செய்திருக்கலாம். இரண்டும் விலகிக்கொள்ளப் போதுமான காரணங்கள்.

மூன்றாவது பூட்டு ஆட்டோபைலட், நிறுவனங்கள் தங்கள் மெஷின்களைத் தானாக அமைக்கப் பயன்படுத்தும் வசதி. இது மெஷினில் இல்லை, மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் பழைய நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கும். கடையில் விண்டோஸ் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்து நீங்கள் ரீசெட் செய்யும் அன்று, அந்த நிறுவனத்தின் பெயருடன் அலுவலக மின்னஞ்சல் கேட்கும் பக்கம் வந்து நிற்கும். சோதிக்க ஒரே வழி, விண்டோஸ் 11 புரோவைப் புதிதாக நிறுவி, முதல்முறை அமைப்பின்போது ஃபோன் ஹாட்ஸ்பாட்டுடன் இணைப்பது. வழக்கம்போல 'சொந்தப் பயன்பாட்டுக்கா, அலுவலகத்துக்கா' என்று கேட்டால் பதிவு இல்லை. ஹோம் பதிப்பை நிறுவியோ, நெட் இல்லாமல் அமைத்தோ சோதித்தால் இந்தப் பூட்டு வெளியே தெரியாது.

இதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், டிஸ்கும் அழிந்துவிடும். ஆகவே இதை மட்டும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். லினக்ஸ் மட்டுமே பயன்படுத்தப் போகிறவர்களை இந்தப் பூட்டு தடுக்காது. ஆனால் விற்கும்போது அடுத்தவருக்குத் தலைவலியாகும்.

## 4. பிராசசர்: ஐ5 என்பதை விட அடுத்த எண்

'ஐ5' என்ற ஒட்டியை வைத்து முடிவெடுக்க முடியாது. 7-ஆம் தலைமுறை ஐ5-7200யுவில் இரண்டு கோர், 8-ஆம் தலைமுறை ஐ5-8250யுவில் நான்கு கோர். ஒரே தலைமுறை இடைவெளியில் கோர் எண்ணிக்கை இரட்டிப்பானது.

8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகக்கூடாது என்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 7-ஆம் தலைமுறை மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுப்பார்கள். ஓடும், ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்கு அப்டேட் உத்தரவாதம் தருவதில்லை.

வெளித்தோற்றம் ஏமாற்றும். லாட்டிட்யூட் 7480-ஐயும் 7490-ஐயும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்வது கடினம். முன்னது 6, 7-ஆம் தலைமுறைக்கானது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, 7490, எலைட்புக் 840 ஜி5 இரண்டும் 7-ஆம் தலைமுறை சிப்புடனும் விற்கப்பட்டன. மாடல் பெயர் சரியாக இருந்தாலும் டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் முழு எண்ணைப் படியுங்கள்.

10-ஆம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்கள்தான் தலைமுறை: ஐ5-1135ஜி7 என்றால் 11, ஐ5-1235யு என்றால் 12. பின்னதில் பத்து கோர் என்று விளம்பரப்படுத்துவார்கள். அவற்றில் இரண்டு மட்டுமே வேகக் கோர்கள், எட்டு சிக்கனக் கோர்கள். ஆவணம், பிரவுசர், வீடியோ கால் போன்ற வேலைகளுக்கு இது நல்ல அமைப்புதான்.

ஏஎம்டி பக்கம் ரைசன் 5 புரோ 4650யு ஆறு கோருடன் வருகிறது. ஒரே விலையில் இதுவும் 8-ஆம் தலைமுறை இன்டெலும் கிடைத்தால் இதை எடுங்கள்.

## 5. ரேம்: எத்தனை ஜிபி என்பதோடு எப்படிப் பொருத்தியது

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியைப் படியுங்கள். 'சோடிம்' என்றால் கழற்றி மாற்றக்கூடிய ஸ்டிக். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் போர்டிலேயே சாலிடர் செய்தது. அதற்கு மேல் வரியில் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று இருக்கும்.

திங்க்பேட் எக்ஸ்280 முழுக்க சாலிடர். 8 ஜிபியில் வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். டி480எஸ்-இல் ஒரு பகுதி சாலிடர், கூடவே ஒரு ஸ்லாட். எலைட்புக் 830 ஜி5, லாட்டிட்யூட் 7490 இரண்டிலும் இரண்டு ஸ்லாட். பொதுவாக, எவ்வளவு மெலிதோ அந்த அளவுக்கு ரேம் மாற்றும் வாய்ப்புக் குறைவு.

சாலிடர் மாடல் என்றால் 16 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள். ஸ்லாட் இருந்தால் 8 ஜிபியில் எடுத்துப் பிறகு இன்னொரு ஸ்டிக் போடலாம். பெரும்பாலும் அதுதான் மலிவான வழி.

ஒரே ஸ்டிக் என்றால் மெமரி ஒற்றைச் சேனலில், அதாவது ஒரே பாதையில், ஓடும். தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத இந்த வகை லேப்டாப்பில் கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது, ஆகவே இழப்பு இரட்டிப்பு. 11-ஆம் தலைமுறை மெஷினில் இது கண்ணுக்கே தெரியும்: இரண்டு சேனல் இருந்தால் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று காட்டும் அதே சிப், ஒரு ஸ்டிக்கில் வெறும் 'யுஎச்டி கிராஃபிக்ஸ்' என்று காட்டும். சிப்பை மாற்றிவிட்டார்கள் என்று சண்டை போட வேண்டாம். இன்னொரு ஸ்டிக் சேர்த்தால் பெயர் மாறிவிடும்.

## 6. திரை

முதலில் ரெசல்யூஷன். 12.5 அங்குல மெஷின்களில் 1366 × 768 திரையுடன் வந்தவை நிறைய. எக்செல் வேலை செய்பவர்களுக்கு அது போதவே போதாது. குறைந்தது 1920 × 1080. புதிய மாடல்களில் 1920 × 1200 கிடைத்தால் கூடுதல் வரிகள் தெரியும்.

அடுத்து பேனல் வகை. மூடியைப் பின்னால் சாய்த்து, மேலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். நிறம் தலைகீழாகத் திரும்பினால் டிஎன் பேனல். எல்லாக் கோணத்திலும் நிறம் நிலைத்தால் ஐபிஎஸ். இங்கே ஒரு விதிவிலக்கு: எச்பியின் ஷ்யூர் வியூ என்ற ரகசியத் திரை உள்ள எலைட்புக்குகளில் பக்கவாட்டில் பார்த்தால் மங்கலாகத்தான் இருக்கும். எஃப்2 கீயால் அதை அணைக்கலாம். அணைத்த பிறகும் சாதாரணத் திரை அளவுக்குப் பக்கவாட்டில் தெளிவு வராது. பலர் சேர்ந்து பார்க்கும் வேலைக்கு அது சரிப்படாது.

வெளிச்சத்தை முழுதாக வைத்து வாசல் பக்கம் கொண்டுபோய்ப் படியுங்கள். 250 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) பேனல் டியூப்லைட்டின் கீழ் நன்றாகத் தெரியும், ஜன்னலோரத்தில் திணறும்.

பின்பு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனி நிறப் படங்களை முழுத்திரையில் ஓட்டுங்கள். வெள்ளையில் வெளிறிய திட்டுகள் தெரிந்தால், பையில் அழுத்தம் பட்டதன் தடம் அது. தொட்டுத் துடைத்தால் போகாது. கடைசியில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் திரை சிமிட்டினால் கீல் வழியே போகும் கேபிள் தேய்ந்திருக்கிறது. மூடியை அசைக்காமல் பார்ப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

## 7. பேட்டரி: சார்ஜரைச் செருகும் முன் கணக்கை முடியுங்கள்

அடுத்த கட்டத்தில் போர்ட்டுகளுக்காகச் சார்ஜரைச் செருக வேண்டும். அதற்கு முன்பே பேட்டரியின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளை, ஓர் இடைவெளி, சாய்வுக்கோடு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகும்; எந்த ஃபோல்டரில் என்று அதுவே சொல்லும். அதில் இரண்டு எண்கள் முக்கியம்: டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி.

எக்ஸ்280-ஐ எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைத் திறன் 48 வாட்-அவர், அறிக்கையில் 48,000 மில்லிவாட்-அவருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். முழுச் சார்ஜ் 38,400 என்று காட்டினால் 80 விழுக்காடு மிச்சம். எளிய வேலையில் இந்த மெஷின் 7 வாட் எடுத்தால் 38.4-ஐ 7-ஆல் வகுத்து ஐந்தரை மணி நேரம் வரும். 80-க்கு மேல் என்றால் பழைய மெஷினுக்கு நல்ல நிலை. 60-க்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

மாற்று பேட்டரி போட்ட மெஷினில் இரண்டு எண்ணும் அச்சாக ஒன்றாகவும், சார்ஜ் சுற்று பூஜ்யமாகவும் இருந்தால், அதை மட்டும் வைத்து நம்பிவிட வேண்டாம். மலிவான பேக்குகளின் சிப் எதை வேண்டுமானாலும் சொல்லும். தொடக்கத்தில் குறித்த விழுக்காட்டை இப்போதையதுடன் ஒப்பிடுங்கள். படிப்படியாக இறங்கியிருக்க வேண்டும். 55-இலிருந்து ஒரே தாவலில் 30-க்கு வந்தாலோ, 20 விழுக்காட்டில் சட்டென அணைந்தாலோ உள்ளே செல்கள் சமமாக இல்லை.

## 8. போர்ட்டுகள்: டைப்-சியைத் திருப்பியும் செருகுங்கள்

டைப்-சி போர்ட் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கும் மாடல்கள் அதிகம். சார்ஜிங், வெளித்திரை, டேட்டா மூன்றும் இதன் வழியே போவதால் அதிகம் அடிவாங்குவதும் இதுதான்.

ஒவ்வொரு டைப்-சி போர்ட்டிலும் மூன்று வேலையையும் தனித்தனியாகப் பாருங்கள்: உங்கள் சார்ஜரில் சார்ஜ் ஏறுகிறதா, அடாப்டர் வழியே வெளித்திரை வருகிறதா, பென் டிரைவ் வேகமாகக் காப்பியாகிறதா. பிறகு பிளக்கைத் தலைகீழாகத் திருப்பிச் செருகி மீண்டும் பாருங்கள். எந்தப் பக்கம் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து வேக டேட்டாவுக்கு வேறு பின்கள் பயன்படுகின்றன. ஒரு பின் போன போர்ட் ஒரு பக்கத்தில் நன்றாக ஓடி, மறுபக்கத்தில் மட்டும் தோற்கும். ஒரே பக்கம் சோதித்தால் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட், அதாவது அதிவேக டைப்-சி. 7490 போன்ற மாடல்களில் சில மெஷின்களில் மட்டும் இது உண்டு. டாக் (பல போர்ட்டுகள் தரும் பெட்டி) வைத்து இரண்டு பெரிய திரை ஓட்டுபவர்கள் குறியைத் தேடிப் பார்த்து எடுங்கள். எக்ஸ்280, டி480, டி480எஸ் உள்ளிட்ட 2017–2019 காலத் திங்க்பேட்டுகளில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் (சிப்பிலேயே பதிந்த மென்பொருளில்) ஒரு பிழை இருந்தது. டைப்-சி போர்ட் வேலை செய்யாமல் போகக்கூடியது. லெனோவோ அதற்கு அப்டேட் வெளியிட்டது. வாங்கிய அன்றே அதைப் போடுங்கள். போர்ட் செத்த பிறகு மென்பொருள் அப்டேட்டால் எளிதில் மீட்க முடியாது.

உருண்டை முனைச் சார்ஜர் உள்ள டெல்லில் நடுவே உள்ள மெல்லிய பின்தான் சார்ஜரை அடையாளம் காட்டும். அது உடைந்தால் மெஷின் ஓடும், பேட்டரி ஏறாது, பிராசசரும் வேகம் குறைந்து நகரும். பயாஸின் பேட்டரிப் பக்கத்தில் அடாப்டர் வாட் சரியாகத் தெரிகிறதா பாருங்கள்.

8-ஆம் தலைமுறைக் காலத்து எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4. அதில் 4கே திரை 30 ஹெர்ட்ஸில்தான் ஓடும், மவுஸ் இழுப்பது போலத் தெரியும். 60 வேண்டுமென்றால் டைப்-சி வழியே போங்கள்.

ஜிஎஸ்டி, டெண்டர் வேலைக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவர்கள் பழைய செவ்வக யுஎஸ்பி-ஏ போர்ட் குறைந்தது இரண்டு உள்ள மாடலைப் பாருங்கள். ஒன்றை டோக்கனே பிடித்துக்கொள்ளும். அலுவலகத்தில் லேன் கேபிள் தேவை என்றால், எக்ஸ்280-இல் முழு அளவு லேன் துளை கிடையாது, தனி அடாப்டர் வேண்டும். 7490, 830 ஜி5 இரண்டிலும் உண்டு.

## 9. வெப்பம்

சார்ஜர் செருகியபடியே சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டி, பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வையுங்கள். ஒரு நிமிடச் சோதனை எதையும் சொல்லாது. முதல் அரை நிமிடம் எல்லா மெஷினும் வேகமாகத்தான் ஓடும், பிறகு 15 வாட் எல்லைக்கு இறங்கும். அது கோளாறு இல்லை.

ஐ5-8250யு என்றால், இறங்கிய பின் அடிப்படை வேகமான 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே நிலையாக நிற்க வேண்டும். வெப்பம் 95 டிகிரியைத் தாண்டி, வேகம் 1.6-க்கும் கீழே போனால் தூசி அடைத்திருக்கிறது, அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. இரண்டும் சரிசெய்யக்கூடியவை. விசிறி கரகரத்தால் விசிறியையே மாற்ற வேண்டும்.

வெப்பம் 50 டிகிரியிலேயே இருந்து, வேகம் மட்டும் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டால் கதை வேறு. சார்ஜரை அடையாளம் காணாததோ, போர்டில் உள்ள சென்சார் கோளாறோ காரணம். நல்ல சார்ஜர் மாற்றியும் நீடித்தால் அந்த மெஷின் வேண்டாம்.

இந்தச் சோதனையைக் கடையின் ஏசிக்கு அடியில் செய்தால், மே மாதத்தில் உங்கள் வீட்டில் பத்து டிகிரி கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## 10. கீபோர்டும் மற்றவையும்

நோட்பேடில் ஒவ்வொரு கீயையும் அழுத்துங்கள், எஃப் வரிசையையும் அம்புக் கீகளையும் விடாமல். ஒட்டும் கீ இருந்தால் ஏதோ சிந்தியிருக்கிறது. 12-ஆம் கட்டத்தில் உள்ளே பார்க்கும்போது நினைவில் வையுங்கள். என்டர் கீ நிமிர்ந்த பெரிய வடிவில் இருந்தால் வெளிநாட்டு லேஅவுட், மேலே அமெரிக்க எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கர் சில மாதங்களில் உரியும், சில குறிகள் இடம் மாறியே இருக்கும்.

கேமரா, மைக், இரு ஸ்பீக்கர், இயர்போன் துளை, கைரேகை, புளூடூத். வை-ஃபை சோதிக்க ஃபோனின் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்து பத்தடி தள்ளி நில்லுங்கள். சிக்னல் சட்டென விழுந்தால் ஆன்டெனா ஒயர் கழன்றிருக்கலாம். சிம் தட்டு இருப்பதால் மட்டும் சிம் வேலை செய்யாது. உள்ளே மோடம் கார்டும் அதற்கான ஆன்டெனாவும் வேண்டும்.

## 11. எஸ்எஸ்டி

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மூன்றைப் பாருங்கள். 'பர்சன்டேஜ் யூஸ்டு' தேய்மானம். 20-க்குள் இருந்தால் நல்லது. 'மீடியா எரர்ஸ்' பூஜ்யமாக இருக்க வேண்டும். இன்டர்ஃபேஸ் வரியில் வேகமான என்விஎம்இயா, பழைய வகை சாட்டாவா என்று தெரியும். சாட்டா என்றால் நொடிக்கு சுமார் 550 எம்பிதான் உச்சம்.

ஓடிய மணி நேரம் மிகக் குறைவாக இருந்தால் எஸ்எஸ்டி புதிதாக மாற்றப்பட்டது. பெயர் தெரியாத பிராண்டாக இருந்தால், 512 ஜிபி என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். நல்ல 256 ஜிபியுடன் வாங்கி, பிறகு நீங்களே தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிக்கொள்வது மேல்.

## 12. அடியைத் திறந்து பார்த்தல்

கடைக்காரர் அனுமதித்தால் மட்டும், அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். திங்க்பேட்டில் முதலில் பயாஸில் உள் பேட்டரியை முடக்கும் வசதி இருக்கிறது. மற்றவற்றில் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். மின்சாரம் ஓடும் போர்டில் ஸ்க்ரூடிரைவர் தவறினால் அதோடு முடிந்தது.

டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, கீபோர்டின் நேர் கீழே உள்ள பகுதியைப் பாருங்கள். பழுப்புக் கறை, வெள்ளை அல்லது பச்சைப் பொடி என்றால் திரவம் பட்டிருக்கிறது. இன்று ஓடினாலும் அரிப்பு நிற்காது. கடலோர ஈரக்காற்றில் இன்னும் வேகமாகப் பரவும். எட்டுக் கால் உள்ள சின்ன பயாஸ் சிப்பைச் சுற்றி மட்டும் சாலிடர் செய்யும்போது தடவும் ஃபிளக்ஸின் பளபளப்பான படலம் தெரிந்தால் அந்தச் சிப்பில் கை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது கட்டத்தில் சீரியல் எண் பொருந்தாமல் போனதற்கு விடை இங்கே இருக்கும்.

## 13. பில், பிறகு முதல் நாள் வேலை

தள்ளிவைத்த ஆட்டோபைலட் சோதனையை இப்போது செய்யுங்கள். கடையில் முடியாது என்றால், 'நிறுவனப் பூட்டு வெளிப்பட்டால் பணம் திருப்பித் தரப்படும்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்; வாய்ச்சொல் போதாது. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். மெஷின் திருட்டுப் பொருள் இல்லை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆவணம் அது ஒன்றுதான். டெஸ்டிங் வாரன்டி எத்தனை நாள், அதில் திரையும் மதர்போர்டும் அடக்கமா என்பதும் அதே தாளில் வரட்டும்.

விண்டோஸ் லைசென்ஸுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புரோவுடன் விற்கப்பட்ட மெஷினில் சாவி பயாஸிலேயே பதிந்திருக்கும். புரோவைப் புதிதாக நிறுவி நெட்டில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகும். ஆகவில்லை என்றால் அதுவும் மதர்போர்டு மாற்றத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை முழுதாக ஏற்றி, சார்ஜரும் செருகியபடி பயாஸையும், திங்க்பேட் என்றால் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரையும் அப்டேட் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பின்னர் லெனோவோ வான்டேஜிலோ, டெல், எச்பி என்றால் பயாஸிலோ, சார்ஜ் எல்லையை 80 விழுக்காட்டில் வையுங்கள். எந்நேரமும் செருகியே வேலை செய்பவர்களின் பேட்டரி முழுச் சார்ஜில் சூட்டோடு கிடப்பதால்தான் சீக்கிரம் உப்புகிறது.